குழந்தைகள் வார்டு வாசலில் நின்ற ஆயா

என் தங்கைக்கு எட்டாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியின் பச்சிளம் குழந்தைகள் வார்டில் வைத்திருந்தார்கள். இரண்டாவது நாளும் நான் பார்க்கப் போனபோது, வாசலில் நின்ற ஆயா தடுத்தார். ஐம்பது வயதிருக்கும். ஓயாமல் சோப்புப் போட்டு அவர் விரல்கள் வெளுத்து வெடித்திருந்தன.

“கை கழுவுனீங்களா சாமி?”

“ஊட்டுலயே கழுவிட்டுத்தானுங்க வந்தேன்.”

அவர் என் கையைப் பிடித்து முகர்ந்தார். “பஸ்ஸுக் கம்பி வாசந்தான் அடிக்குதுங்க.”

“சும்மா எட்டிப் பாக்கத்தானுங்க” என்றேன் எரிச்சலோடு.

அவர் குரலைத் தாழ்த்தினார். “இப்படிச் சொன்ன ஒருத்தர உள்ள உட்டேனுங்க. அவரு தொட்ட கொழந்தைக்கு மூணாம் நாளு காய்ச்சல் வந்துது. பொழைக்கல. எதனாலன்னு டாக்டருக்கே தெரியல. எனக்கு அந்தக் கைதான் கண்ணுல நிக்குதுங்க.”

முந்தின நாள் அவர் இல்லாத நேரத்தில், கழுவாத கையால் நான் குழந்தையின் உள்ளங்கையைத் தொட்டிருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, நர்ஸிடம் சொல்ல உள்ளே ஓடினார்.

மூன்று நாட்கள் நான் வராந்தாவை விட்டு நகரவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் அவர் முகத்தையே பார்ப்பேன். காய்ச்சல் இல்லை என்று தலையசைப்பார். நான்காம் நாள் காலை, “இனிப் பயமில்லீங்க” என்றார்.

குழந்தை இப்போது தவழ்கிறது. தங்கைக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. மூன்று நாள் பயத்தையே என்னால் தாங்க முடியவில்லை. அவர் மட்டும் தினமும் அந்த வாசலில் எப்படித்தான் நிற்கிறாரோ!