கிழக்கே இருந்த மணல்மேடு

வீடு கட்டுமுன் காற்றைப் பார்க்கிறவள் ஹம்சா. அப்பா ஸ்ரீரங்கன் பெசன்ட் நகரில் வாங்கிப் போட்டிருந்த மனைக்கு பிளான் போடச் சொன்னபோது, ஆர்க்கிடெக்ட் மகள் உடனே பென்சிலைத் தொடவில்லை. மழையிலும் வெயிலிலும் அங்கே போய்ச் சும்மா நின்றாள். மனைக்கும் கடலுக்கும் நடுவே அடம்பங்கொடி படர்ந்த மணல்மேடு இருந்தது. கடல் பொங்கினால் அது தடுக்கும். அதை நம்பித்தான் மேட்டின் மறைவில், மாடி இல்லாமல், தரையோடு தரையாக வீட்டை அமைத்தாள். கிழக்குச் சுவரில் பாதி ஜன்னல். "வீடா, பறவைக் கூண்டா?" என்று மயிலாப்பூர் சொந்தங்கள் கேலி செய்தன. செய்துவிட்டுப் போகட்டும்.

தொண்ணூற்று நான்கு ஐப்பசியில் கிரகப்பிரவேசம். வெளியூர் வேலை முடிந்து ஹம்சா அன்று காலைதான் வந்து சேர்ந்தாள். வாசலில் இறங்கியவள் கிழக்கே பார்த்தாள். மேட்டைக் காணோம். கடல் அப்பட்டமாகத் தெரிந்தது.

"கிழக்கே உசரமா இருந்தா குடும்பத்துக்கு ஆகாதுன்னு வாஸ்துக்காரர் சொன்னார். லாரி வெச்சு வாரிட்டேன். உங்கிட்ட சொன்னா சண்டைக்கு வருவே" என்றார் ஸ்ரீரங்கன், பரிசு கொடுத்தவர் போல.

"அந்த மேடுதாம்ப்பா இந்த ஆத்துக்குக் காவல். இப்போ புயல் வந்தா தண்ணி நேரா உள்ளே வரும்."

"நல்ல நாளும் அதுவுமா பேசற பேச்சா இது?"

ஹோமம் முடிந்து பால் பொங்கியது. பந்தியில் எல்லோரும் காற்றைப் புகழ்ந்தார்கள். பாயசம் வரும்போதே இலைகள் பறந்தன. சாயங்காலம் புயல் கரையைக் கடக்கும் என்றது ரேடியோ. விருந்தாளிகள் ஆளுக்கொரு ஆட்டோ பிடித்துக் கிளம்பினார்கள்.

ஸ்ரீரங்கன் மட்டும் அசையவில்லை. பால் காய்ச்சிய வீட்டை அன்று பூட்டக் கூடாது. வீட்டு மனிதர் ஒருவர் படுத்தே ஆக வேண்டும். "நானும் உங்கம்மாவும் இருந்துக்கறோம்."

சம்பிரதாயம் பேசுகிறவரிடம் புயலைப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. எப்படியாவது இவர்களை இங்கிருந்து கிளப்ப வேண்டும். ஹம்சா பயத்தை விழுங்கிக்கொண்டு சிரித்தாள்.

"ஆத்து மனுஷா ஒருத்தர் இருந்தா போறுமோன்னோ? நான் இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்கோ."

அப்பா யோசித்தார். தலையசைக்கக்கூடப் போனார். அதற்குள் அம்மா பங்கஜம் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"பொண்ணைத் தனியா விட்டுட்டு எவளாவது ஆட்டோ ஏறுவாளோ? நன்னாருக்கு."

காத்திருந்த கடைசி ஆட்டோவையும் அவளே அனுப்பிவிட்டு வந்து, கூடத்தில் மூன்று பாய்களை விரித்தாள். வாசற்படியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மழைதான் என்றார் அப்பா. ஹம்சா அதில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது.