இந்திய நம்பர் உள்ள பிள்ளை

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் எங்கள் வீட்டுக் கீழ்த்தள பேஸ்மென்றில் மதுரைப் பிள்ளை ஒருத்தி வாடகைக்கு இருந்தாள். கல்லூரியில் படிக்க வந்தவள். மகன் வேலை என்று கல்கரிக்குப் போன பிறகு இந்த வீட்டில் என்னோடு வாய் திறந்து பேசியது அவள் மட்டும்தான். என் வீட்டுக்காரரும் பேசுவார், இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் அவர் பேசுவதெல்லாம் அரசாங்கத்தோடு. ரிவி செய்தியைப் பார்த்துப் பேசுவார், பெற்றோல் விலையைப் பார்த்துப் பேசுவார், பனி தள்ளும் வாகனம் எங்கள் வாசலில் குவித்துவிட்டுப் போனால் அதைப் பார்த்தும் பேசுவார். இன்றைக்கு என்ன சமையல் என்று என்னைக் கேட்டது அந்தப் பிள்ளைதான். படிப்பு முடிந்தாலும் அவள் எங்கேயும் போய்விடக்கூடாது என்று எனக்கு ஒரு பேராசை இருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் மூன்று பேரும் பாட்டுப் போட்டி பார்ப்போம். சென்னையில் நடக்கிற சின்னப் பிள்ளைகளின் போட்டி. அந்த முறை இங்கே பக்கத்து ஊர் ஒஷாவாவிலிருந்து எங்கள் ஈழத்துப் பிள்ளை ஒன்று போய், ஒவ்வொரு சுற்றாக ஏறிக்கொண்டிருந்தது. அது பாடினால் இவர் கண்ணைத் துடைப்பார். நடுவர் குறை சொன்னால் நடுவருக்கு ஏச்சு விழும். எந்த நடுவர் யார் பக்கம் சாய்வார் என்று மதுரைப் பிள்ளை சிரித்துச் சிரித்து எங்களுக்குப் பாடம் எடுப்பாள். அவளுக்கென்று இவர் முறுகலாகத் தோசை சுட்டுக்கொண்டு வருவார். கட்டின நாளிலிருந்து எனக்கு ஒரு தோசை சுட்டுத் தந்ததில்லை, அது வேறு கதை.

இவருக்கு வேலை மிசிசாகாவில், விமான நிலையப் பக்கம் சாமான் ஏற்றி இறக்கும் ஒரு கம்பனியில். விடிய வெளிக்கிட்டு நெடுஞ்சாலை நெரிசலில் நிற்பார். அங்கே தமிழ் ரேடியோதான் துணை. நானும் அதே ரேடியோவைப் போட்டுக்கொண்டுதான் புட்டு அவிப்பேன். நேயர்கள் அழைத்துப் பேசும் நிகழ்ச்சியில் அந்தக் கிழமை முழுக்க ஒரே கதை: வெளிநாட்டு மாணவர்கள் கூடிப்போனார்கள், அரசாங்கம் குறைப்பது சரியா, பிழையா. அழைத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அகதியாக வந்து இறங்கியவர்கள். எல்லோரும் சரி என்றார்கள். வேலை கிடைக்காமல் அலைகிற பிள்ளைகள் எங்கள் சொந்தத்திலும் இருக்கிறார்கள். நானும் மாவைக் கொத்திக்கொண்டே தலையாட்டினேன். பிறகு, ஸ்காபரோவிலிருந்து ஒரு நேயர் என்று அறிவிப்பாளர் சொன்னார்.

“நான் என்ன சொல்லுறன் எண்டால்,” என்று தொடங்கி அந்த நேயர் தொண்டையைச் செருமினார். “ஒரு அறைக்குள்ள ஆறு பேர் படுக்கினம். உவையள் இப்பிடி வந்து நிறைஞ்சால் எங்கட பிள்ளையள் எங்க போறது?”

என் கை நின்றுவிட்டது. அப்படிச் சொல்லித் தொண்டையைச் செருமிவிட்டு ஒவ்வொரு பேச்சையும் தொடங்குகிற மனிதர் இந்த ரொறன்ரோவில் ஒருவர்தான். அவரைத்தான் நான் கட்டியிருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் பேஸ்மென்ற் படி வாசலில் அந்தப் பிள்ளை நிற்கிறாள். முதல்நாள் நான் கறி கொடுத்துவிட்ட பாத்திரத்தை வெறுமையாகத் தரக்கூடாதென்று எலுமிச்சம் சாதம் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

“அங்கிள் குரல் மாதிரியே இருக்கு, இல்ல ஆன்ட்டி?” என்றாள்.

சளி, தடிமன் பிடித்தால் எல்லா ஆம்பிளைகளுக்கும் ஒரே குரல்தான் என்று என்னவோ உளறினேன். பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு அவள் கீழே போனாள். அடுத்த வெள்ளி மேலே வரவில்லை, படிக்க இருக்கிறதாம். அதற்கடுத்த கிழமை, மாதக் கடைசியில் மிசிசாகாவில் சிநேகிதிகளோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னாள். கல்லூரிக்கு அங்கிருந்து கிட்டவாம்.

இவரை நான் சும்மா விடவில்லை. ரேடியோவில் ஏன் அப்படிக் கதைத்தீர்கள் என்று பிடித்துக்கொண்டேன். பிள்ளையின் காதில் விழுந்ததை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் மனிதர் வெட்கத்தில் அவள் முகத்திலேயே முழிக்கமாட்டார், பிறகு அவளை மறிக்க வழியே இருக்காது என்று பயம்.

“அது பொதுவாச் சொன்னது,” என்றார். “எங்கட பிள்ளையை ஆர் சொன்னது?”

எங்கட பிள்ளை என்று அவர் சொன்னது மதுரைப் பிள்ளையைத்தான். பொய் சொல்லவில்லை. ரேடியோவில் சொன்னதையும் மனதாரத்தான் சொன்னார். கனடாவுக்கு வந்த புதிதில், கல்யாணத்துக்கு முன்னம், சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் ஒரே அறைக்குள் எத்தனை பேரோடு படுத்தார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. பகல் வேலைக்காரன் எழும்ப, இரவு வேலை முடித்து வந்தவன் அந்தச் சூட்டிலேயே படுப்பானாம். கொண்டாட்ட வீடுகளில் அதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பார். அந்தக் காலத்தில் எங்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்பதும் அவருக்கு நல்ல ஞாபகம். இதெல்லாம் ஒரே மண்டைக்குள் சண்டை பிடிக்காமல் எப்படி இருக்கிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

ஒஷாவாப் பிள்ளை இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டது. அதற்கு வாக்குப் போட வேண்டும், போடுவதற்கு இந்தியத் தொலைபேசி நம்பர் வேண்டும். இங்கே யாரிடம் இருக்கிறது? அதே ரேடியோ, அதே நிகழ்ச்சி, அதே அறிவிப்பாளர். உங்கள் வீடுகளில் இந்திய மாணவர்கள் இருந்தால் தயவுசெய்து அவர்களிடம் கேளுங்கள் என்று அன்பு ஒழுகச் சொன்னார். ரேடியோவைத் தூக்கி எறியாத குறை எனக்கு.

இவர் தோசைத் தட்டோடு கீழே இறங்கினார். நான் படியில் நின்றேன். “பிள்ளை, உம்மட இந்தியா நம்பர் வேலை செய்யுதோ?” என்று கேட்டார். மதுரையில் அப்பா மாதாமாதம் காசு கட்டி உயிரோடு வைத்திருக்கிற நம்பர் அது. இருக்கிறது என்றாள். ஒஷாவாப் பிள்ளைக்குப் போடச் சொன்னார். சிநேகிதிகளையும் போடச் சொல்லிக் கிட்டத்தட்ட மன்றாடினார்.

“போடறேன் அங்கிள்,” என்றாள். “நான் போகப்போற ரூம்ல ஆறு பேர் படுத்திருக்காங்க. ஆறு ஓட்டும் உங்களுக்குத்தான்.”

குரலில் கோபமில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இவர் தொண்டையைச் செருமினார். தோசைத் தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினார். மேலே வந்து, நீ சொன்னனியோ என்று என்னைக் கேட்டார். நான் ஏன் சொல்லவேணும், நீங்கள்தான் ஊருக்கே சொன்னியள் என்றேன். போட்டி முடிவில் ஒஷாவாப் பிள்ளை இரண்டாவதாக வந்தது.

மாதக் கடைசியில் நாங்கள்தான் அவளைக் காரில் கொண்டுபோய் விட்டோம். இவர் ரேடியோவைப் போடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளோடு மேலே போனவர் வரச் சுணங்கினார். வந்து காருக்குள் ஏறி, ஸ்ரேரிங்கைப் பிடித்தார்.

“எங்கட சென் ஜேம்ஸ் ரவுண் அறை மாதிரியே கிடக்கு,” என்றார். “இப்ப ஏழு பேர்.”

இனியாவது ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். நெடுஞ்சாலையில் ஏறினால் கார்கள் அசையாமல் நிற்கின்றன. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு சனத்தையும் உள்ளே விட்டால் ரோட்டு எப்படிக் காணும் என்று அரசாங்கத்தைத் திட்டத் தொடங்கினார். எந்தச் சனத்தைச் சொல்கிறார் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. பின் சீற் வெறுமையாகக் கிடந்தது. இனி வீட்டில் இந்த மனிதரும் நானும்தான்.