பின்பக்க ஃபியூஸ்

திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் அலுவலக ஜீப்பின் பின்பக்கம் இரண்டாவது பேட்டரி பொருத்தியவரின் பெயரை நான் கேட்கவே இல்லை. ஒல்லியான எலக்ட்ரீஷியன். எந்த ஒயரையும் புறங்கையால் தடவிச் சூடு பார்த்த பிறகுதான் வேலையை முடிப்பார். வயல்களில் எடுக்கும் தண்ணீர் மாதிரிகளைக் குளிர்பெட்டியில் வைக்க அந்த பேட்டரி வேண்டியிருந்தது. ஒயரிங் பட்டியலை நானே எழுதிக் கொடுத்திருந்தேன்.

அதில் முன்பக்க பேட்டரி அருகே ஒரு ஃபியூஸ்தான். பட்டியலில் இல்லாத இன்னொரு ஃபியூஸ் பின்பக்க பேட்டரி அருகில் இருந்தது.

"இதை யார் போடச் சொன்னாங்க? நான் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். லிஸ்ட்ல இருக்கறத மட்டும் செய்யுங்க."

"ரெண்டு பேட்டரிக்கும் நடுவுல ஒயர் உரசுனா இந்த பேட்டரியிலேருந்தும் கரண்ட் பாயும்மா. வேணாம்னா கழட்டிடுறேன்."

"மேடம் லிஸ்ட்டுதாண்ணே சட்டம்" என்று டிரைவர் சிரித்தார். நேரமாகிவிட்டதால் மட்டுமே அதை விட்டுவைத்தேன்.

பத்தாம் நாள் வாய்க்கால் கரையில் குளிர்பெட்டி நின்றுபோனது. ஒயர் இரும்பில் உரசிக் கிழிந்திருந்தது. இரண்டு ஃபியூஸும் போயிருந்தன. பின்னால் அது இல்லாவிட்டால் எங்களோடு ஜீப்பும் எரிந்திருக்கும்.

அவரிடமே போனோம். புது ஒயரைப் புறங்கையால் தடவியபடி, "பயந்துட்டீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லைங்க" என்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

மற்ற ஜீப்புகளுக்கும் இப்போது அந்தப் பட்டியல்தான் போகிறது. அதில் இரண்டு ஃபியூஸ் இருக்கிறது. கீழே, தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருக்கிறது.