கயிற்றைக் கழற்றிய வீட்டுக்காரர்

வாடகை வழக்கு நடத்தும் வக்கீலிடம் பெரிய மனிதர்கள் வருவதில்லை; வருகிறவர்கள் எல்லாம் ஒண்டுக் குடித்தனக்காரர்கள்தான். அறுபதுகளில் திருச்சியில் எனக்கு அதுதான் பிழைப்பு. வீட்டுக்காரர் செருமினால் ரேடியோவைத் தணிக்கிறவர்கள் நாம்; ஆகையால் உங்களுக்குப் புரியும்.

கிணற்றடி

என் கட்சிக்காரர் வரதன், பொன்மலை ரயில்வே பட்டறையில் குமாஸ்தா. ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடித்தனம். பம்பாயில் இருக்கும் மகன் குடும்பத்தோடு வருகிறான், இடம் வேண்டும் என்று வீட்டுக்காரர் ராகவாச்சாரி வழக்குப் போட்டிருந்தார். அதோடு விட்டாரா? தம் வீட்டுக்குத் தண்ணீர் சேந்தியதும் கிணற்றுக் கயிற்றைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவார். குடியிருப்பவருக்குத் தண்ணீரைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. வரதனின் மனைவிக்கோ ஏழாம் மாதம்.

வந்த கோபத்தில் நேரே போய்ப் பார்த்தேன். பின்கட்டு வாசலில் வீட்டுக்கார மாமியே ஒரு தவலைத் தண்ணீரை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். நான் எதிர்க்கட்சி வக்கீல் என்று தெரிந்தும் அசரவில்லை.

“கேஸ் போட்டது அவர். நான் போடலியே! பிள்ளைத்தாச்சிக்கு ஜலம் தரலேன்னா பெருமாள் என்னைத்தானே கேப்பார்?”

வேறு வீடு

தோற்றால் போக ஓரிடம் வேண்டுமே என்று வரதன் உறையூர் வரை வீடு தேடினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். வரதனைப் பார்த்தால் வீடு உண்டு; அவர் மனைவியின் வயிற்றைப் பார்த்தால் இல்லை. தீட்டு, ராத்திரி அழுகை, கொடி நிறையத் துணி என்று ஆளுக்கொரு காரணம். அந்தப் பெண் அலுத்துப்போய் ஒரு வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டு அம்மாள் குடிக்க மோர் கொடுத்து, இதமாகத்தான் சொன்னாள்:

“வீடு காலியாத்தான் இருக்கு. குழந்தை பொறந்து, பேரு வெச்சுட்டு, அப்புறமா வாங்க.”

சாட்சிக் கூண்டு

முந்தைய வாய்தாக்களுக்கெல்லாம் பளிச்சென்று திருமண்ணோடு வந்த ராகவாச்சாரி, சாட்சி சொல்லும் நாளில் வெறும் நெற்றியோடு கூண்டில் ஏறினார். மகன் வருவது சத்தியம் என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தயார் செய்திருந்த கேள்வியெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

“ஸ்வாமி, நெற்றியில திருமண் காணோமே? ஆத்துல ஏதாவது தீட்டா?” என்றேன்.

இல்லையென்று தலையாட்டினார்.

“அப்புறம் ஏன்?”

மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாவமாக இருந்தது.

“திருமண் இட்டுண்டு பொய் சொல்ல மனசு வரலே, சார். பிள்ளை வரேன்னு சொல்லவே இல்லை. இடம் காலியா இருந்தா வருவானோன்னு ஒரு ஆசை.”

வழக்கு தள்ளுபடியாகி, பின்கட்டிலேயே பெண் குழந்தை பிறந்து, ஊரும் என்னைக் கெட்டிக்கார வக்கீல் என்றது. பொய் சொல்லத் தெரியாத வீட்டுக்காரர் அமைந்துவிட்டால் நாம் எல்லோருமே கெட்டிக்காரர்கள்தான்.