பந்து எழும்பும் தரை

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துபோன வருஷம்தான் மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தோம். எங்கள் பக்கம் நிக்காஹ் என்றால், பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் வலது கையைத் தன் வலது கையால் பிடித்து மகளை ஒப்புக்கொடுக்க வேண்டும். இவரோ, “என்ட தம்பி புடிச்சிக் குடுக்கட்டும், எனக்கு ஏலா” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தம்பி நல்ல மனிதர்தான். ஆனாலும் வாப்பா உயிரோடு இருக்க வேறொருவர் கை கொடுப்பதை என் மனசு ஏற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற மிஸ் ஒரு டெனிஸ் பந்தைத் தந்தார். இடது கையால் தரையில் போட வேண்டும், எழும்பி வரும்போது வலது கையால் பிடிக்க வேண்டும். அங்கே ஓரிரு தரம் பிடித்தார். வீட்டுக்கு வந்தால் ஒன்றும் சரிவரவில்லை. பந்து அவர் நெஞ்சுக்கு மேலே பாய்ந்து அலுமாரிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். குனிந்து குனிந்து எடுத்தே என் இடுப்பு விட்டுப்போனது.

“பாத்தியா, கை இன்னும் மோசமாப் பெய்த்து” என்றார்.

“கை நல்லாத்தான் இரிக்கி, உங்கட மனசுதான் மோசம்” என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. எப்படிப் பிடிப்பதென்று காட்டப்போய் நானே பந்தைப் போட்டேன். அது என் விரலுக்கும் சிக்காமல் போனது. எந்த நோயும் இல்லாத கை என்னுடையது!

அப்போதுதான் யோசித்தேன். ஆஸ்பத்திரியில் காலுக்குக் கீழே தடித்த ரப்பர் விரிப்பு இருந்தது. எங்கள் வீட்டிலோ கல்யாணத்துக்கென்று புதிதாகப் போட்ட டைல்ஸ், விழுந்த பந்து பாய்ந்துதான் எழும்பும். இத்தனை நாளும் பாவம், அந்தக் கையைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

கதிரையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனோம். எங்கள் வளவு முழுக்கக் கடற்கரை மணல். போட்ட பந்து போட்ட இடத்திலேயே குந்திக்கொண்டது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இது என்ட கைய விட மோசமாக் கிடக்கு” என்றார். நோய் வந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். நானும் சிரித்தேன். பிறகு குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன்.

கிணற்றுக்கட்டில் சீமெந்து பெயர்ந்திருந்ததால் பந்து நினைத்த பக்கமெல்லாம் ஓடியது. கடைசியில் நாங்கள் படுக்கிற பன்பாய்தான் கைகொடுத்தது. அதை நாலாக மடித்து டைல்ஸ் மேல் போட்டேன். பந்து முழங்கால் உயரத்துக்குச் சோம்பலாக எழும்பியது. விரல் மடங்க நேரம் கிடைத்தது. பிடித்தார்! கொஞ்ச நாள் போக மடிப்பை இரண்டாக்கினேன், பிறகு ஒற்றைப் பாய். அதுவும் பழகியதும் குசினியின் வெறும் சீமெந்துத் தரைக்கு வந்தோம். அங்கே பந்து கொஞ்சம் வேகம். ஒருநாள் அது நேரே அடுப்பிலிருந்த ஆணச் சட்டிக்குள் விழுந்தது, வாயாரத் திட்டினேன். கல்யாணம் நெருங்கிய நாட்களில் டைல்ஸிலேயே பிடித்துப் பார்த்தார். தவறியதுதான் அதிகம். ஆனாலும் சிலது கையில் நின்றது.

“நானே புடிச்சிக் குடுக்கன்” என்றார்.

நிக்காஹ் எங்கள் வீட்டு ஹோலில்தான் நடந்தது. மகளும் நானும் மற்றப் பெண்களும் அறைத் திரைக்குப் பின்னால் நின்று, அதன் நீக்கலால் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கையை நீட்டினார். விரல்கள் மெதுவாக மடங்கின, பிடித்தார். சொல்ல வேண்டியதைத் திக்காமல் சொன்னார், மாப்பிள்ளையும் ஏற்றுக்கொண்டார். எல்லாரும் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள்.

அவர் கை விடவில்லை.

மற்றவர்கள் பாசம் என்று நினைத்திருப்பார்கள். எனக்குத்தான் காரணம் தெரியும். அவர் பிடித்த பந்தையெல்லாம் அடுத்த தரத்துக்கு அவசரப்பட்டு விரலிலிருந்து பிடுங்கி எடுத்தது நான். பிடிக்கப் பழக்கினேனே தவிர விடப் பழக்கவில்லை. அவர் விரலை விரிக்கப் பார்த்தார், ஏலவில்லை. தம்பி எழும்பப் பார்த்தார்.

மாப்பிள்ளை அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தார். கையை இழுக்கவில்லை. இன்னும் கிட்ட நகர்ந்து, தன் இடது கையை மேலே வைத்து மூடிக்கொண்டு, “கொஞ்சம் இரிங்க, எனக்கு மாமாவோட ஒரு கதை இரிக்கி” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு எங்கள் வயலுக்குத் தண்ணி வந்ததா என்று விசாரிக்கத் தொடங்கினார். இவரும் பதில் சொன்னார். அந்தக் கதைக்கு நடுவே மாப்பிள்ளை, மூடிய கைக்குள் இவருடைய விரல்களை ஒவ்வொன்றாக விரித்து எடுத்தார்.

மகளின் தோளை அதுவரை இறுகப் பிடித்திருந்தேன். அப்போதுதான் விட்டேன்.