மாதாவுக்கு நேர்ந்த முட்காடு

அல்போன்ஸ் வாத்தியார் பூகோளம் நடத்துவதில் சூரர். கண்ணைக் கட்டிவிட்டாலும் அமேசான் நதியைக் கிளையாறுகளோடு கரும்பலகையில் இறக்கிவிடுவார். அடையாறு மட்டும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. வருஷத்துக்கு ஒரு தரம் சின்னமலைத் திருவிழாவுக்காக அதைத் தாண்டுவார். விளக்கு வைப்பதற்குள் சாந்தோமுக்குத் திரும்பிவிடுவார். அது பக்தியில் சேருமே தவிரப் பயணத்தில் சேராது. போர்ச்சுக்கீசியர் காலத்தில் இங்கே வந்து சேர்ந்த குடும்பம் அவருடையது. வந்த களைப்பு இன்னும் தீரவில்லை போலும். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் எங்கும் போகவில்லை.

பெண் கொடுத்ததும் எடுத்ததும் அதே நாலைந்து தெருவுக்குள்தான். கல்யாணத்துக்குக் கல்யாணம், சொந்தத்துக்குள் கட்டிக்கொள்ள ஆயரிடம் உறவுமுறை விலக்கு வாங்கிக்கொண்டே வந்தார்கள். கடைசியில், விலக்குக் கொடுக்க ஆயர் தயாராக இருந்தும் அதை வாங்கிக்கொள்ள மாப்பிள்ளை இல்லை என்ற கட்டம் வந்தது. அந்தக் கட்டத்தில் வந்து பிறந்தவர்கள் அல்போன்ஸ் வாத்தியாரும் அவர் தங்கை கிளாடிஸும். அவர் நாற்பது கடந்த பிரமச்சாரி. அவள் முப்பதை நெருங்குகிற தையல் டீச்சர். வீட்டில் வேறு யாரும் இல்லை.

தெருக்கோடியில் ஒரு சின்ன மாதா கோவில். அதன் பின்புறம் கோவிலுக்குச் சொந்தமான முட்காடு ஒன்று இருந்தது. சூரைமுள், களா, ஈச்சம்புதர், நடுவே சில நுணா மரங்கள். பாம்பையும் பெருச்சாளியையும் தவிர யாரும் உரிமை கொண்டாடாத இடம். வாத்தியார் அதைக் ‘காடு’ என்றுதான் சொல்வார். பூகோளப்படி அது தவறு. ஆனால் அதில் வசித்த ஏழு குருவிகளுக்கும் அவருடைய அபிப்பிராயம்தான்.

தெருவெல்லாம் கூட்டமாகக் கத்தித் திரிகிற தவிட்டுக்குருவி எல்லாருக்கும் தெரியும். இது அதற்குக் கூச்சமுள்ள தங்கை. உருவத்தில் சிறியது, முதுகு பழுப்பு, வயிறு லவங்கப்பட்டை நிறம். அதற்கு அந்தப் பக்கத்தில் பெயர் கிடையாது, ஏனென்றால் வாத்தியாரைத் தவிர யாரும் அதைப் பார்த்தது கிடையாது. முட்புதரின் அடிவயிற்றிலேயே அதன் ஜீவனம். ஒன்றன்பின் ஒன்றாக, பூசைக்குப் போகிற குடும்பம் மாதிரி, சருகைப் புரட்டிக்கொண்டே போகும். ஒன்று மட்டும் கிளையில் ஏறி நின்று காவல் பார்க்கும். ஆள் அரவம் கேட்டால் அது ஒரு சீழ்க்கை விடும். அவ்வளவுதான், அந்த இடத்தில் குருவி என்று ஒன்று இருந்ததற்கே அடையாளம் இருக்காது. பொழுது சாய்ந்தால் ஒரே கொம்பில் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக உட்காரும். ஓரத்தில் இருப்பதற்குக் குளிரும். அது மற்றதன் முதுகில் ஏறி நடுவே இறங்கும். உடனே புதிதாக ஓரத்துக்கு வந்தது அதையே செய்யும். தங்கள் கோவில் சபைக் கூட்டத்திலும் நாற்காலிக்கு இதேதான் நடக்கிறது என்பதை வாத்தியார் கவனித்திருந்தார், வெளியே சொன்னதில்லை.

முன்பெல்லாம் இந்தப் புதர் அடையாற்றங்கரை வரை போய், கரையோடு விட்டு விட்டுக் கிண்டிக் காடு வரை தொடர்ந்தது. யுத்தத்துக்குச் சற்று முன் இடையில் ஒரு ரோடு போட்டார்கள். இரண்டு வண்டி ஒதுங்கிப் போகிற அகலம், அவ்வளவுதான். குருவிகள் அந்த ரோட்டு ஓரம் வரை வந்தன. எதிர்ப்புதரைப் பார்த்தன. தங்களுக்குள் ஏதோ சண்டை போட்டன. திரும்பிவிட்டன. மறுநாளும் வந்தன, மறுநாளும் திரும்பின. தலைக்கு மேல் கூரை இல்லாத இடத்தில் காலெடுத்து வைப்பது அவற்றின் குலவழக்கத்தில் இல்லை.

அக்கரைக் காட்டு ரத்தம் கலக்காவிட்டால் ஏழு குருவி எத்தனை நாளைக்கு? பூகோளத்தில் இதற்குப் பதில் இல்லை; ஆனால் வாத்தியாருக்குத் தன் வீட்டிலேயே பதில் இருந்தது. ஒருநாள் விடிந்ததும் முள் கிளைகளை வெட்டி ரோட்டின் குறுக்கே ஒரு பாலம் மாதிரி பரப்பினார். குருவி வருமுன் ஜட்காக்காரர் ஷரீஃபின் குதிரை வண்டி வந்தது.

“இன்னா வாத்யாரே, நட்டநடு ரோட்டுல முள்ளப் போட்டுக்கினு கீற? குதிர கால்ல ஏறிச்சின்னா நீயா வண்டி இஸ்ப்பே?”

“குருவி தாண்டணும்பா. அதுக்குத்தான்.”

ஷரீஃப் வண்டியை விட்டு இறங்கி, புதரையும் வாத்தியாரையும் மாறி மாறிப் பார்த்தார். “அதுக்கு ரெக்க கீதே, நைனா.”

உலகத்து நதிகளையெல்லாம் அறிந்தவர் குனிந்தார். இருவருமாக முள்ளை அள்ளி ஓரத்தில் போட்டார்கள்.

கொஞ்ச நாளில் வேறு சேதி வந்தது. கோவில் சபைத் தலைவர் பவுல்சாமி, கஸ்டம்ஸ் ஆபீசில் ஓய்வு பெற்றவர், சும்மா கிடக்கிற எதையும் கண்டால் தாங்காதவர். முட்காட்டைத் தென்னந்தோப்பு ஆக்கலாம் என்று அவர் பேசிக்கொண்டிருந்தார். வாத்தியார் சோறு இறங்காமல் திரிந்தார். அப்போதுதான் அவருக்கு உதவியாக ஜப்பான்காரன் வந்தான்.

அதாவது, குண்டு போட வருவதாகச் சொன்னார்கள். நாற்பத்திரண்டு ஏப்ரலில் பட்டணமே மூட்டை கட்டியது. வாத்தியார் வழக்கமாக வேட்டி எடுக்கிற தியாகராய நகர்க் கடையில் கடைக்காரர் சண்முகவேல் ஊருக்குக் கிளம்பக் கதவுப் பலகைகளை மாட்டிக்கொண்டிருந்தார்.

“வாத்தியாரய்யா, நீங்க எப்பம் ஊருக்கு?”

“இதுதாங்க ஊரு.”

“அது செரி, சொந்த ஊரு?”

“இதுதான்.”

ஓடுவதற்கு ஓர் ஊர்கூட இல்லாத மனிதரைச் சண்முகவேல் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தார். பரிதாபப்பட்டு ஸ்டூலில் உட்கார வைத்தார். வாத்தியார் ஜப்பான்காரனை விட்டுவிட்டுத் தென்னந்தோப்பைப் பற்றிப் புலம்பினார்.

“இவ்வளவுதானா?” என்றார் சண்முகவேல். “எங்க பக்கம் சாஸ்தா காட்டுல ஒரு சுள்ளி பொறுக்க மாட்டான் எவனும். சாமிக்கின்னு நேந்து விட்டாச்சின்னா சோலி முடிஞ்சிது, பாத்துக்கிடுங்க. நீங்களும் ஒங்க சாமிக்கு நேந்துவிடுங்க. எந்தப் பய கைய வைக்கான்னு பாப்பம்.”

வாத்தியார் டிராமில் திரும்பும்போது முகத்தில் ஒரு களை இருந்தது. அன்று மாலை சபைக் கூட்டம். சாந்தோமில் மிச்சமிருந்தவர்கள், அதாவது போக்கிடம் இல்லாதவர்கள், கோவிலுக்குள் ஒண்டிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வாத்தியார் எழுந்தார்.

“நம்ம தெருவுல குண்டு வுழாம மாதா காப்பாத்தட்டும். கோவிலுக்குப் பின்னால கீற காட்ட அவளுக்கே நேந்துடுவோம். இனிமே அது நம்முது இல்ல, அவளுது.”

பவுல்சாமிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வாத்தியார் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாமியார் அங்கேயே மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார்.

யுத்தம் நடந்த வருஷங்கள் முட்காட்டுக்குப் பொற்காலம். விறகுத் தட்டுப்பாட்டில் ஊரில் வேலிக்கால்கூட மிஞ்சவில்லை. மாதாவின் முள்ளை மட்டும் யாரும் தொடவில்லை. ஏழு குருவி பதினொன்றாயிற்று. வாத்தியார் வாழ்க்கையில் கேட்டது கேட்டபடி கிடைத்தது அந்த ஒரு தடவைதான். மனிதர் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

குறை இல்லாமலும் இல்லை. வளர்ந்த குஞ்சுகள் போக இடமில்லாமல் பெற்றோரோடேயே சுற்றின. ஒரு பறவை மட்டும் தினம் காலையில் ரோட்டோரக் களாச்செடிக்கு வந்து எதிர்ப்பக்கம் பார்த்துக் கூப்பிடும், பிறகு திரும்பிவிடும். அடுத்த வருஷம் இரண்டு கூடுகளில் முட்டை பொரியவே இல்லை.

அந்த வருஷம்தான் சின்னமலையிலிருந்து வால்டர் என்ற பையனுக்குக் கிளாடிஸைப் பெண் கேட்டு வந்தார்கள். சைதாப்பேட்டையில் கம்பவுண்டர், கைநிறையச் சம்பளம், முக்கியமாக எந்த வகையிலும் சொந்தமில்லை. வாத்தியார் பழமும் காப்பியும் கொடுத்து அனுப்பிவிட்டார்.

“இன்னாண்ணே கொற அவருக்கு?” என்று கிளாடிஸ் கேட்டாள்.

“கொற ஒண்ணுமில்ல. திருவிழாவுக்குப் போற ஊருக்கு யாராவது பொண்ணு குடுப்பாங்களா? ஆத்துக்கு அந்தாண்ட கீது.”

“பாலம் கீதே.”

“கீது,” என்று ஒப்புக்கொண்டார் வாத்தியார். பேச்சு அத்தோடு முடிந்தது.

யுத்தமும் முடிந்தது. தெருவில் குண்டு விழவில்லை. மாதா தன் பங்கைச் செய்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பவுல்சாமி இருபது ஆட்களோடும் அரிவாள் கடப்பாரையோடும் வாத்தியார் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் ரோஜா மாலை.

“நேர்ச்ச உன் வாய்ல வந்தது வாத்யாரே. மொத வெட்டு உன் கையாலதான்.”

“வெட்டா? நேந்து வுட்டாச்சே பவுல்.”

“அதான் சொல்றேன். நேந்து வுட்டுட்டு சும்மா இருந்தா மாதா இன்னா நெனப்பா? கொகை மாதிரி கெபி கட்டணும், பூச்செடி வெக்கணும். முள்ளுலயும் பாம்புலயுமா நிக்க வெப்பே அவள?”

சாஸ்தாவுக்கு நேர்ந்ததில் கை வைக்கக் கூடாது. மாதாவுக்கு நேர்ந்ததில் கை வைக்காமல் இருக்கக் கூடாது. ஞானஸ்நானம் வாங்கி இத்தனை வருஷத்தில், சுண்ணாம்பு அடிக்காமல் விட்ட நேர்ச்சை ஒன்றையாவது பார்த்திருக்கிறோமா என்று வாத்தியார் சண்முகவேல் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோதே யோசித்திருக்கலாம்.

“உள்ள குருவி கீது, பவுல்,” என்றார் கடைசியாக.

“இன்னா குருவி?”

“பழுப்பா, சின்னதா. வேற எங்கயும் போகாது.”

“வா, காட்டு. பாத்துட்டு முடிவு பண்ணலாம்.” பவுல்சாமி நியாயஸ்தர்.

இருபது பேரும் முட்காட்டின் முன் நின்று பார்த்தார்கள். இருபது பேர் வந்தால் அந்தக் குருவி என்ன செய்யுமோ அதைச் செய்தது. எங்கோ ஒரு சீழ்க்கை கேட்டது; பிறகு ஒரு சருகு அசையவில்லை. வாத்தியாருடைய கட்சிக்காரர்கள் கோர்ட்டுக்கே வரவில்லை.

“பாவம், வெயில்,” என்று யாரோ சொன்னார்கள். மாலை கழுத்தில் விழுந்தது. அரிவாள் கையில் வந்தது. சுற்றி நின்று மரியதாயே வாழ்க என்று பாடுகிறவர்களுக்கு முன்னால் கையை மடக்கிக்கொள்கிற வித்தை அவர் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஓரத்துக் களாச்செடியை வெட்டினார். அது அந்தப் பறவை தினமும் வந்து நிற்கிற செடி என்பது வெட்டு விழுந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மத்தியானத்துக்குள் காடு பாதியாயிற்று. குருவிகள் புதர் புதராகப் பின்வாங்கி ரோட்டோரத்துக்கு வந்து சேர்ந்தன. பின்னால் அரிவாள், முன்னால் ரோடு. வாத்தியார் மாலையும் கழுத்துமாக ஓடிப் போய், மேல்துண்டை வீசி, “போ, போ, தாண்டு” என்று விரட்டினார். ஒன்று எழும்பிப் பாதி ரோடு வரை போயிற்று. வெட்டவெளியைக் கண்டு காற்றிலேயே திரும்பியது. வாத்தியார் தலைக்கு மேலாகப் பறந்து, வெட்டிக் குவித்திருந்த முட்குவியலுக்குள் நுழைந்தது. மற்றவையும் அதன் பின்னால் ஒவ்வொன்றாக உள்ளே போயின. வெகு நாளைக்குப் பின் அவற்றுக்கு அவ்வளவு அடர்த்தியான புதர் கிடைத்திருந்தது.

“குவியல அப்டியே வெச்சிருங்க,” என்று வாத்தியார் கெஞ்சினார்.

“முள்ளுப்பா. ஜனங்க முட்டி போட வர்ற எடம்,” என்றார் பவுல்சாமி. முள்முடியையும் கல்வாரியையும் அறியாதவர்போலச் சொல்லிவிட்டு அவரே தீக்குச்சியைக் கிழித்தார்.

எல்லாம் எரியவில்லை. சில குருவிகள் தப்பின. கெபி எழும்பியது; சிமென்ட் பாறை, நீலம் பூசிய இடுப்புக் கச்சையோடு மாதா, சுற்றிலும் குரோட்டன்ஸ் வேலி. அந்த வேலியில் கொஞ்ச நாள் மூன்று குருவி தெரிந்தது. காக்கைக்கும் பூனைக்கும் போக மழைக்காலத்தில் ஒன்று மிஞ்சியது. அது ஆணா பெண்ணா என்று வாத்தியாருக்குத் தெரியாது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

மாலைப் பிரார்த்தனையில் அது கத்த ஆரம்பித்தது. ஒரு குரல் கொடுத்து, பதிலுக்குக் காத்திருந்து, மறுபடி ஒரு குரல். அது காத்திருக்கிற இடைவெளியில் சரியாக ஜனங்களின் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” வந்து விழும்.

“குருவி ஜெபமால சொல்லுது பாரு,” என்று பவுல்சாமி உருகினார். “நீ சொன்னப்ப நம்பலியே வாத்யாரே.”

மயிலாப்பூரிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்தார்கள்.

வாத்தியார் ஒரு சனிக்கிழமை, திருவிழா எதுவும் இல்லாத நாளில், அடையாற்றைத் தாண்டினார். குருவிக்கு ஒரு துணை பிடித்துவரக் கையில் மூடி போட்ட கூடை இருந்தது. சின்னமலைக்குப் பின்னால் கிண்டிக் காட்டின் ஓரத்தில் சூரைமுள் மண்டிய இடத்தில் போய் உட்கார்ந்தார். வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாப் பக்கமும் அதே குரல். ஒன்று கூப்பிட்டால் நாலு பதில் சொல்லிற்று. அவர் எழுந்து கூடையைத் திறந்ததும் ஒரு சீழ்க்கை கேட்டது. அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. வெறுங்கூடையோடு திரும்பினார். விளக்கு வைத்தாகிவிட்டது.

கிளாடிஸ் தையல் மெஷினில் இருந்தாள். “அந்தாண்ட போய்ட்டு வந்தியாமே. இன்னா கீது அங்க?”

“ஒண்ணுமில்ல. நம்மூரு மாதிரியேதான் கீது.”

மெஷின் நின்றது. “ரொம்ப தூரமா?”

வாத்தியார் கூடையை மூலையில் வைத்தார். “இல்ல.”

வால்டருக்குப் போன தை மாசம் கல்யாணம் ஆகிவிட்டிருந்தது. அது இருவருக்கும் தெரியும். கிளாடிஸ் துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மறுபடி மிதித்தாள்.

அந்த வாரக் கடைசியில் கெபிக்கு முன்னால் பவுல்சாமி அவரை ஓரமாக இழுத்தார். முகம் வாடியிருந்தது.

“குருவி ரெண்டு மூணு நாளா வரல வாத்யாரே. ஜனங்க கேக்கறாங்க. எதனா நேந்துக்கலாமா?”

வாத்தியார் குரோட்டன்ஸ் வேலியைப் பார்த்துக்கொண்டே வேண்டாம் என்றார்.