தடுப்புக்கு அந்தப் பக்கம் நடந்த பெரட்டு

கொரோனாவுக்குப் பின் பாடசாலை முழுதாகத் திறந்த மறு ஆண்டு, இரண்டாம் தவணையின் முதல் திங்கட்கிழமை. அன்றுதான் கினிகத்தேனையிலிருந்து அந்த டீச்சர் எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு வந்தார். ஆறாம் தரத்தின் இரண்டு வகுப்புகளும் ஒரே மண்டபத்தில், நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவர். இருவருக்கும் ஆங்கிலப் பாடம். என் மகள் அவருடைய வகுப்பில்.

தோட்டத்தில் வேலை பிரிக்கக் கூடும் காலைப் பெரட்டு அந்தப் பிள்ளைகளுக்குப் பழகிய காட்சி. அம்மாமார் வரிசையில் நிற்பார்கள். மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஆளுக்கு ஒரு வேலை பிரித்துக் கொடுப்பார். பிந்தி வந்தவர்களை வீட்டுக்கு விரட்டுவார். டீச்சர் அதையே விளையாட்டாக வகுப்பில் வைத்தார், முழுக்க ஆங்கிலத்தில். தினம் ஒரு பிள்ளை கண்டாக்கு. தவறாகப் பேசினாலும் அவர் குறுக்கிடமாட்டார். எத்தனையோ புத்தகங்கள் வாசித்த எனக்கு இது தோன்றவில்லை.

"சேர், நாங்களும் பெரட்டு வைப்போமா?" என்றான் என் வகுப்பில் ஒருவன்.

"நீங்க வினைச்சொல்லைப் பாருங்க."

"அதத்தான் சேர் போன மாசத்திலேருந்து பாக்கிறோம். அது ஒண்ணும் செய்ய மாட்டேங்குது."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அதட்டினேன். அதைவிட உறுத்தியது தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்ட ஒரு குரல். "யூ, நம்பர் ஃபோர் ஃபீல்ட்! யூ, ஃபேக்டரி!" என் மகளின் குரல்.

வீட்டில் அவள் என்னிடம் ஒரு ஆங்கில வார்த்தை பேசியதில்லை. அன்று மாலை கேட்டேன்.

"அப்பாகிட்ட ஒரே ஒரு வசனம் சொல்லும்மா."

"போங்கப்பா. நீங்க திருத்துவீங்க."

"உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கே தமிழ் வரமாட்டேங்குது. புள்ளைக்கு இங்கிலீஷ் வருமா?" என்றாள் மனைவி, அடுப்பைப் பார்த்தபடி.

பெற்ற எனக்குக் கிடைக்காதது, வந்து ஒரு தவணைகூட முடியாத ஒருவருக்குக் கிடைக்கிறது. அந்த வாரம் ஆசிரியர் அறையில் டீச்சர் நீட்டிய மரவள்ளிக்கிழங்கைக்கூட வேண்டாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை பொறுக்கவில்லை. என் வகுப்புக்கு எழுத்துவேலை கொடுத்துவிட்டுத் தடுப்பைச் சுற்றிப் போனேன். பெரட்டு தொடங்கியிருந்தது.

"நானும் நிக்கலாமா டீச்சர்?"

"வாங்க சேர். ஆனா இன்னைக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. கண்டாக்குத்தான் முடிவு செய்யணும்."

கண்டாக்கு என் மகள். டீச்சரின் மழைக்கோட்டு அவள் கணுக்கால்வரை தொங்கியது. வரிசையின் கடைசியில் போய் நின்றேன். என்ன வேலை தருவாள், எந்த வசனத்தில் தருவாள் என்று காத்திருந்தேன். ஒவ்வொருவராக அனுப்பிவிட்டு என் முன்னால் வந்தாள். ஏற இறங்கப் பார்த்தாள்.

"யூ ஆர் லேட். கோ ஹோம்."

வகுப்பே கூவியது. பிழையில்லாத வசனங்கள். ஆனால் 'லேட்'டை இழுத்த விதமும், சொல்லும்போது தலையைச் சாய்த்ததும் அப்படியே டீச்சர். என் மகளின் வாயிலிருந்து எனக்கென்று வந்த முதல் ஆங்கிலத்திலும் அவர்தான் இருந்தார்.

திரும்பி வந்தபோது என் வகுப்பு தடுப்பில் காதை வைத்துக்கொண்டிருந்தது.

"என்ன சேர், வெரட்டிட்டாங்களா?"

"ஆமா," என்றேன். "இங்கிலீஷிலயே வெரட்டிட்டா."